நசுக்கு என்று சொன்னது நான்தான்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் தோட்டம் போடப் போகிறோம் என்று யாராவது சொன்னால், இடம் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. தினமும் காலையில் 10 நிமிடம் இலையைத் திருப்பிப் பார்க்க ஆள் உண்டா என்றுதான் கேட்பேன். மருந்தடிக்காத தோட்டம் அந்த 10 நிமிடத்தில்தான் நிற்கிறது.

நான் அறிவியல் ஆசிரியர். முதல் தடவை ஆசைப்பட்டு 12 பாத்தி போட்டோம். மூன்றாவது வாரம் களை எங்களை ஜெயித்துவிட்டது. இப்போது 2 பாத்தி போதும் என்கிறேன். அகலம் 3 அடியைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் சின்னப் பிள்ளையின் கை நடுவுக்கு எட்டாது; பாத்திக்குள் காலை வைப்பான், மண் இறுகிவிடும். 6 மணி நேரமாவது வெயில் விழ வேண்டும், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். நன்றாக மட்கிய தொழு உரம் மட்டும் போடுங்கள். பச்சைச் சாணத்தில் கிருமி இருக்கும். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

முதலில் கீரை விதையுங்கள். தண்டுக்கீரை சில நாளில் முளைத்து, ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். பிள்ளைகளின் பொறுமையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அடுத்து முள்ளங்கி, வெண்டை. கத்தரியும் தக்காளியும் பூச்சிக்கும் நோய்க்கும் பிடித்தமானவை. அவற்றை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இனி பூச்சிக்கு வருகிறேன். வெண்டை முளைத்து ஒரு மாதம் இருக்கும், கொழுந்தெல்லாம் அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி, அப்பிக்கொண்டது. ஒரு மாணவி ஓடி வந்தாள். "சார், புதுசா இன்னொரு பூச்சி வந்திருக்கு. குட்டி முதலை மாதிரி இருக்கு." கறுப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் பொட்டு. நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நசுக்கு" என்றேன். வாரம் முழுக்க நசுக்கினோம். அசுவினி மட்டும் குறைந்தபாடில்லை.

பிறகு அவளே ஒன்றைப் பிடித்து, அசுவினி மொய்த்த இலையோடு ஒரு பாட்டிலில் விட்டாள். மறுநாள் இலை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தினமும் புது இலை போட்டாள். சில நாளில் அந்த முதலை பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. அப்புறம் ஒரு காலையில் வெளிர்மஞ்சளாக, புள்ளியே இல்லாத ஒரு வண்டு வெளியே வந்தது. சாயங்காலம் மணி அடிப்பதற்குள் அது சிவந்து, முதுகில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. பொறிவண்டு! நாங்கள் வாரம் முழுக்க நசுக்கியது அதன் பிள்ளைகளை.

அசுவினி இணை சேராமலே குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். பொறிவண்டோ, அசுவினி பெருகிய இடம் பார்த்துத்தான் முட்டையிட வரும். ஆகவே எப்போதும் ஒன்றிரண்டு வாரம் பின்தங்கித்தான் வந்து சேரும். அந்த இடைவெளியில்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும், மருந்தைத் தேடுவோம். அடித்தால் இரண்டும் சாகும். தப்பிய அசுவினி சீக்கிரம் பெருகிவிடும். அதைத் தின்ன ஆள் இருக்காது. முதலில் இருந்ததைவிட மோசமாகும்.

அந்த இரண்டு வாரமும் சும்மா இருக்கச் சொல்லவில்லை. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பாதி அசுவினி விழுந்துவிடும். தண்டில் எறும்பு வரிசை தெரிந்தால் அதைத் தடுங்கள். அசுவினி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. வரப்போரம் தட்டைப்பயறு விதையுங்கள். அசுவினிக்கு அது மிகவும் பிடிக்கும். பயறு வீணாகிறதே என்று பதறாதீர்கள். அது பொறிவண்டுக்குப் போட்ட பந்தி.

அதற்கும் மிஞ்சினால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் போய்விடும். தெளிப்பது ஆசிரியர் வேலை. வேம்பானாலும் கண்ணில் பட்டால் எரியும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இயற்கை மருந்து என்று சிலர் புகையிலைக் கரைசலைச் சொல்வார்கள். பள்ளிக்குள் அது வரவே கூடாது. அதிலிருக்கும் நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சு. செடியிலிருந்து எடுத்ததெல்லாம் சாது என்ற நினைப்பு ஆபத்தானது.

நீண்ட விடுமுறை வந்தால் பாத்தியை வெறுமனே விடாதீர்கள். காய்ந்த இலைதழையால் மூடாக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு நோட்டு உண்டு. தேதி, என்ன பார்த்தோம், என்ன செய்தோம், அவ்வளவுதான் அதில். முதல் வருட நோட்டில் ஒரு நாள், "முதலைப் பூச்சி 23, நசுக்கியாச்சு" என்று அந்த மாணவியின் கையெழுத்து இருக்கிறது. உண்மை தெரிந்த பிறகும் அவள் அதை அடிக்கவில்லை. பக்கத்தில் வேறு மையில் "பொறிவண்டு" என்று எழுதி, கீழே "சார் சொன்னார்" என்றும் எழுதி வைத்திருக்கிறாள்.

வணக்கம்.