மூக்கைப் பாத்து மொழிக்குச் சொந்தம் சொல்லலாமோ?

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம், நேரம் குறைவு, நேரா விசயத்துக்கு வாறன்.

ஒரு கம்பியூட்டர் மொழி எந்தக் குடும்பம் எண்டு தீர்மானிக்கிறது வெளித்தோற்றமா உள்குணமா எண்டுறதுதான் தலைப்பு. நாங்கள் குணத்தின்ர பக்கம். எதிரணித் தங்கச்சி இப்ப சொல்லிப்போட்டு இருக்கிறா, "பத்திரகாளி கோயிலடியில நிக்கிற பொடியனை மூக்கைப் பாத்தே ஆரின்ர பிள்ளை எண்டு சொல்லுவம், சுருள் அடைப்புக்குறி கண்டா சி குடும்பம், வளைவு அடைப்புக்குறி குவிஞ்சு கிடந்தா லிஸ்ப் குடும்பம், இதுக்கு வயித்தை வெட்டியா பாக்கோணும்?" எண்டு. நீங்களும் நல்லாக் கை தட்டினீங்கள். நான் எழுதிக்கொண்டு வந்த மிச்சமெல்லாம் இருக்கட்டும், இதுக்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டன்.

தங்கச்சி, ஜாவாஸ்கிரிப்ட் எண்ட மொழியை எடுப்பம். சுருள் அடைப்புக்குறியைக் கண்டு சி குடும்பம் எண்டுதான் சொல்லுவியள். அந்த மூக்கை வச்சது ஆர் எண்டு பாப்பம். 1995, நெட்ஸ்கேப் எண்ட பிரௌசர் கம்பனி. பிரெண்டன் ஐக் எண்ட ப்ரோக்ராமரை வேலைக்குக் கூப்பிடேக்க சொன்ன கதை, பிரௌசருக்குள்ள ஸ்கீம் மொழியைக் கொண்டு வரலாம் எண்டு. ஸ்கீம் ஆர்? 1975ல சஸ்மனும் ஸ்டீலும் எம்ஐடி பல்கலைக்கழகத்தில செய்தது, அசல் லிஸ்ப் வீட்டுப் பிள்ளை. மனுசன் ஆசையா வந்தா மேலிடம் சொல்லுது, இப்ப சி மாதிரி எழுதுற ஜாவா மொழிக்குத்தான் மவுசு, நீ செய்யிறது பாக்க ஜாவா மாதிரி இருக்கோணும் எண்டு. குடுத்த நேரம் எவ்வளவு? பத்து நாள்! சபையோரே, ஒரு மொழிக்குப் பத்தே பத்து நாள்! அதுக்குள்ள முதல் வடிவம் முடிஞ்சுது, முதல்ல மோக்கா எண்டு பேர், பிறகு லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பர் வரேக்க ஜாவாஸ்கிரிப்ட். மூக்கும் இரவல், பேரும் இரவல்.

உள்ளுக்கை? ஒரு ஃபங்ஷனுக்குள்ள, அதாவது கூப்பிட்டா ஒரு வேலை செய்யிற ப்ரோக்ராம் துண்டுக்குள்ள, ஒரு எண்ணிக்கையைப் பூச்சியமா வச்சு, அதை ஒண்டொண்டாக் கூட்டுற இன்னொரு ஃபங்ஷனைத் திருப்பி அனுப்பிப் பாருங்கோ. வெளி ஃபங்ஷன் முடிஞ்சிடும், ஆனா உள்ளதைக் கூப்பிடக் கூப்பிட ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணிக்கொண்டே இருக்கும். வெளியில இருந்த எண்ணிக்கையை உள்ளது மறக்காது, அது ஸ்கீமின்ர குணம். மூக்குக் குடுத்த ஜாவாக்கு லாம்ப்டா, அதாவது பேரில்லாமல் எழுதுற ஃபங்ஷன், வரவே 2014 ஆச்சு, அதுவும் வெளியில இருக்கிற லோக்கல் வேரியபிளை, எங்கட எண்ணிக்கை மாதிரி ஒண்டை, மாத்த விடாது!

இன்னொண்டு. லிஸ்பைத் துவங்கின ஜோன் மக்கார்த்தி இந்த அடைப்புக்குறியில நிக்க நினைக்கேல்லை, எம்-எக்ஸ்பிரஷன் எண்டு வேற எழுத்துமுறை வச்சிருந்தவர். அவரோட வேலை செய்த ஸ்டீவ் ரசல் அடைப்புக்குறி வடிவத்தையே ஐபிஎம் 704 கம்பியூட்டரில ஓட்டிக் காட்ட, ப்ரோக்ராம் எழுதுற ஆக்கள் அடைப்புக்குறியிலேயே பழகிட்டினம். தங்கச்சி சொல்லுறபடி பாத்தா அவர் மனசில வச்சிருந்த லிஸ்ப் லிஸ்பே இல்லையாம், நியாயமோ?

சி குடும்பத்தின்ர தகப்பன் டெனிஸ் ரிச்சி. அவரும் மக்கார்த்தியும் 2011 ஒக்டோபர், ஒரே மாசத்தில கண்ணை மூடினவை. எத்தினை பேருக்குத் தெரியும்? இண்டைக்கு உங்கட போனில ஒரு பேஜைத் திறந்தா ஓடுற ஜாவாஸ்கிரிப்டில ரிச்சியின்ர முகம், மக்கார்த்தியின்ர உசிர். முகத்துக்கு எல்லாரும் சொந்தம் கொண்டாடுறம், உசிரைத் தந்த மனுசனுக்கு ஒரு சொல்லும் இல்லை, எனக்கு நெஞ்சு அடைக்குது ஐயா. உப்புவெளியில இருந்தும் சாம்பல்தீவில இருந்தும் பின்னேரம் கிளாசுக்கு வாற எங்கட பிள்ளையளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் படிப்பிக்கிற டீச்சர்மாரே, முதல் நாளே போர்ட்டில ஸ்கீம் எண்டு எழுதி, கீழ மக்கார்த்தியின்ர பேரையும் எழுதி விடுங்கோ. நன்றி, வணக்கம்.