சுவரில் விட்ட இடைவெளி

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று தென்னாப்பிரிக்க ஒளிப்படக் கலைஞர் ஸனேலே முஹோலியைப் பற்றிப் பேசப் போகிறேன். தன்னை ஆண்பாலிலோ பெண்பாலிலோ குறிப்பிட வேண்டாம் என்பவர். நமக்கு அதில் சிரமமே இல்லை, ‘அவர்’ என்ற சொல்லே போதும்.

1972இல் டர்பனை ஒட்டிய உம்லாசியில் பிறந்தார். அம்மா பெஸ்டர், ஒரு வெள்ளையர் வீட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். நிறவெறி ஆட்சியில் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்காக ஒளிப்படக் கலைஞர் டேவிட் கோல்ட்பிளாட் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில்தான் முஹோலி கேமராவைக் கற்றார்.

பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிய முதல் நாடு தென்னாப்பிரிக்கா. 2006இல் தன்பாலினத் திருமணமும் சட்டமானது. ஆனால் கறுப்பின மக்கள் வாழும் நகர்ப்புறக் குடியிருப்புகளில் நடந்தது வேறு. ‘திருத்துகிறோம்’ என்று சொல்லிக்கொண்டே லெஸ்பியன் பெண்களை வன்புணர்ந்தார்கள், கொன்றார்கள். தேசிய அணிக்குக் கால்பந்து ஆடிய யூடி சிமிலானேவை 2008இல் அப்படித்தான் இழந்தோம்.

முஹோலி 2006இல் ‘முகங்களும் கட்டங்களும்’ (Faces and Phases) என்ற படவரிசையைத் தொடங்கினார். கறுப்பு வெள்ளையில், கறுப்பின லெஸ்பியன்கள், திருநம்பிகள். பெரும்பாலும் எல்லோரும் நேராக நம்மையே பார்க்கிறார்கள். அழுகையோ காயமோ காட்டிப் பரிதாபம் கேட்கும் படம் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. படத்தில் இருப்பவர்களை முஹோலி ‘பங்கேற்பாளர்கள்’ என்றுதான் சொல்வார். தொடக்கத்தில் எடுத்த படங்களில் ஒன்று கவிஞர் பூசி சிகாசாவுடையது. மறு ஆண்டே அவர் இறந்துபோனார்.

கண்காட்சியில் இந்தப் படங்களை வரிசை வரிசையாக மாட்டும்போது நடுநடுவே சில இடங்களை வெறுமையாக விட்டிருப்பார்கள். இறந்தவர்களுக்காகவும், இனிமேல் படமாக வேண்டியவர்களுக்காகவும் விட்ட இடம் அது. அந்த வெற்றுச் சுவரைப் பற்றிப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

2009இல் ஒரு கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த அமைச்சர், இவர் படங்களைப் பார்த்துவிட்டு ‘ஒழுக்கக்கேடு’ என்று வெளியேறினார். அடுத்த ஆண்டே முஹோலி, பீட்டர் கோல்ட்ஸ்மிடுடன் சேர்ந்து ‘டிஃபிகல்ட் லவ்’ என்ற ஆவணப்படத்தை இயக்கினார். 2012இல் அவர் வீடு புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளைத் திருடினார்கள். பல ஆண்டு உழைப்பு போயிற்று. சரி, அதோடு நின்றாரா? மறுபடி படம் எடுக்கப் போனார்.

அப்புறம் தன்னையே படமெடுக்கத் தொடங்கினார். ‘சோம்நியாமா ங்கோன்யாமா’, அதாவது ‘வாழ்க, கறுத்த பெண்சிங்கமே’. உலகம் இந்த வரிசையைத்தான் அதிகம் கொண்டாடுகிறது. எனக்கு முந்தையதுதான் பெரிது. ஆனாலும் இதில் ஒரு படத்தை உங்களுக்குக் காட்டாமல் போக மனமில்லை. இதோ, திரையில் பாருங்கள். 2015இல் எடுத்தது. தோலின் கருமையை வேண்டுமென்றே கூட்டியிருக்கிறார். தலையில் கிரீடமாகவும் காதில் தொங்கலாகவும் இருப்பவை துணி மாட்டும் கிளிப்புகள். படத்தின் பெயர், அம்மாவின் பெயர்தான்: பெஸ்டர்.