துபாய் கிட்டயா, சிங்கப்பூர் கிட்டயா?

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் மக்களே. கீழக்கரை கடற்கரைல நின்னு பேசுறேன், காத்து இரைச்சல் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. எங்க தெரு லாத்தா (அக்கா) ஒருத்தங்க கேட்டாங்க, "ஏன் தம்பி, காலைல 10 மணிக்கு ஏறுனா துபாய்ல பன்னெண்டரைக்கு இறங்கலாம்னு சொல்றாங்க, அதே 10 மணிக்கு சிங்கப்பூருக்கு ஏறுனா சாயந்தரம் நாலரை ஆகுதாமே, சிங்கப்பூர் அம்புட்டு தூரமா?"ன்னு.

அதான் இல்ல. மதுரைல இருந்து பாத்தா ரெண்டும் ஏறக்குறைய 3000 கிலோமீட்டர்தான், ஒண்ணு மேக்க, ஒண்ணு கிழக்க, நம்ம ஆளுங்க கரெக்டா நடுவுல உக்காந்திருக்கோம். ஃப்ளைட்டு மேல போயி நின்னுருச்சுன்னா மணிக்கு 850 கிலோமீட்டர் கிட்ட போகும், அப்புறம் ஏறுறது இறங்குறது ரன்வேக்கு ஊந்து போறது எல்லாம் சேத்தா சுமார் 4 மணி நேரம். ஆனா டிக்கெட்ல கிளம்புற டைம் நம்ம ஊர் டைம், இறங்குற டைம் அந்த ஊர் டைம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சிங்கப்பூர் ரெண்டரை மணி நேரம் முன்னாடி. ஒண்ணுல கழியுது ஒண்ணுல கூடுது, அம்புட்டுத்தான் லாத்தா.

இதுல இன்னொரு சங்கதி, துபாய்ல இருந்து ஊருக்கு வர்றப்ப போன நேரத்த விட கொஞ்சம் சீக்கிரமே வந்துரும், அதுவும் மார்கழி தை மாசத்துல நல்லாவே தெரியும், ஏன்னா அரபிக்கடலுக்கு வடக்கால அம்புட்டு உயரத்துல மேக்க இருந்து காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், நம்ம மீன்பிடி வல்லத்துக்கு கச்சான் காத்து, அதான் மேக்க இருந்து வர்ற காத்து, பின்னாடி நின்னு தள்ளுற மாதிரி. போறப்ப அதே காத்து மூஞ்சில அடிக்கும்.

உண்மையா நேரம் போறது வானத்துல இல்லங்க, தரைலதான். இங்கருந்து மதுரை ஏர்போர்ட்டுக்கு கார்லயே ரெண்டரை மூணு மணி நேரம், அங்க 3 மணி நேரம் முன்னாடி போயி நிக்கணும், ஆக பறக்குறத விட தரைல கழியுறதுதான் ஜாஸ்தி. பக்கத்துல உச்சிப்புளில ரன்வே இருக்கு, ஆனா அது நேவியோடது, நமக்கு அண்ணாந்து பாக்கத்தான். ராமேஸ்வரத்துக்காரங்க கதை இன்னும் கொடுமை, தனுஷ்கோடிக்கும் இலங்கைல இருக்குற தலைமன்னாருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் கடல், 1964 புயலுக்கு முன்னாடி ரயில விட்டு இறங்கி கப்பல் ஏறி போயிருக்காங்க, இப்ப கொழும்பு போகணும்னா எதிர்த்திசைல 170 கிலோமீட்டர் கிட்ட மதுரைக்கு போயி ஒரு மணி நேர ஃப்ளைட்ட பிடிக்கணும்!

அப்புறம் ராத்திரி ஃப்ளைட் எடுக்குறவங்க தேதிய நல்லா பாருங்க. 15-ந்தேதி 00.40ன்னு போட்டிருந்தா 14-ந்தேதி சாயந்தரமே வீட்ட விட்டு கிளம்பணும், 15 ராத்திரி போயி நின்னா ஃப்ளைட் போயி ஒரு நாள் ஆகிருக்கும். பிக்கப்புக்கு கார் சொல்றவங்களும் இறங்குற ஊர் டைமத்தான் டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லணும். சரி, பாங்கு சொல்லப் போறாங்க, நான் கிளம்புறேன்.