ரேகை வைத்தால் போச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் இயக்கம் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்டார்: "அந்தக் காலத்துல நம்ம தருமபுரியில ஏது சார் மில்லு, ஏது சங்கம்?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு இங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி மில் கிடையாது. தருமபுரி என்று ஒரு மாவட்டமே கிடையாது. 1965 வரை நாம் சேலம் ஜில்லா. இருந்ததெல்லாம் மானாவாரிக் காடு, கேழ்வரகு, சாமை, மழை பொய்த்தால் மூட்டை கட்டுகிற ஜனங்கள். ஆலை இல்லாத ஊர், ஆளை அனுப்பிய ஊர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. கோலார் தங்கவயல் இன்னும் பக்கம். வேப்பனப்பள்ளிக்கு அந்தண்டை கோலார் மாவட்டம்தானே.

கிளம்புகிறவன் கையில் முதலில் விழுவது முன்பணம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய் வந்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கு இந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த முன்பணத்துக்குப் பின்னால் ஒரு சட்டமே நின்றது. வேலை ஒப்பந்தத்தை மீறுவது பற்றிய 1859-ஆம் வருஷத்து 13-ஆவது சட்டம். முதலில் சென்னை, பம்பாய், கல்கத்தா பட்டணங்களுக்கென்று போட்டு, பிறகு மற்ற இடங்களுக்கும் நீட்டினார்கள். முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டுப் போனால் முதலாளி நேரே மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வேலையைச் செய், இல்லாவிட்டால் பணத்தைக் கட்டு என்று உத்தரவு வரும். மீறினால் 3 மாதம் வரை கடுங்காவல். சரக்கு வாங்கிக் கடனைக் கட்டாத வியாபாரி மேல் சிவில் வழக்கு போடுவார்கள். வேலையை விட்ட கூலிக்காரனுக்கு ஜெயில். கூலி பாக்கி வைத்த முதலாளிக்கு? அந்தச் சட்டத்தில் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

தொழிலாளர் இயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்தச் சங்கம் எந்த வருஷம், தலைவர் யார் என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வேலையை விட்டுப் போவதே குற்றமாக இருந்த காலத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனானே ஒருவன், அவனையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. இலங்கையில் அவனைக் கட்டிப்போட வேறொரு ஏற்பாடு இருந்தது. 'துண்டு' என்பார்கள். ஆள் பிடித்து வேலை வாங்குகிற கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தத் தோட்டம் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். சந்தையில் மாடு கைமாறுவது போலத்தான். 1921-ல்தான் துண்டு ஒழிந்தது.

சரி, மில்லுக்கு வருவோம். 1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. கூலியைக் கூட்டு, வாரம் ஒரு நாள் லீவு கொடு என்று கேட்டார்கள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சிதம்பரமும் சுப்பிரமணிய சிவாவும். ஊரே சேர்ந்து அரிசி, பணம் கொடுத்தது. வேலைநிறுத்தத்தைப் பழித்துப் பேசிய ஒரு வக்கீலைப் பாதிச் சவரத்தோடு நாவிதர் விட்டுவிட்டுப் போனார் என்று ஒரு கதை உண்டு. மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த வாரமே, மார்ச் 12-ல், இரண்டு பேரையும் கைது செய்தார்கள்.

அந்தச் சிவாதான் நம் தருமபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டி சிவா. சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற விடவில்லை. நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதா கோயில் கட்ட இடம் பார்த்து, 1923-ல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்ட வைத்தார். 1925 ஜூலை 23-ல் அங்கேயே இறந்தார். அவர் நினைவிடத்துக்குப் போகிறவர்கள் கோயிலைப் பற்றிப் பேசுகிறார்கள், தேசபக்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். கோரல் மில் தொழிலாளர்களுக்காக மேடை ஏறிய சிவாவைப் பற்றிப் பேசி நான் அவ்வளவாகக் கேட்டதில்லை.

சென்னைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்ததுதான். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு முயற்சி, பி.பி.வாடியா தலைவர், கூடவே திரு.வி.க. அங்கே மில் நடத்திய பின்னி கம்பெனி, ஆட்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சங்கத்தார் மேல் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. பார்த்தீர்களா, மறுபடியும் அதே ஒப்பந்தம். அந்த வழக்கு கிளப்பிய கோபத்தில்தான் சங்கங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சு டெல்லி சட்டசபை வரைக்கும் போய், 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1859-ஆம் வருஷத்துச் சட்டம் ஒழிந்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான்.

இந்தத் தொழிற்சங்கச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு. கோலார் தங்கவயல் இருந்தது மைசூர் சமஸ்தானத்தில். சுரங்கத்தை நடத்தியது லண்டனிலிருந்து வந்த ஜான் டெய்லர் கம்பெனி. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே அங்கே கரண்ட் வந்துவிட்டது. பெங்களூர் நகரத்துக்கு அதற்கு அப்புறம்தான். அந்தக் கரண்டில் ஓடிய சுரங்கத்தில் இறங்கியவர்கள் மூங்கில் தட்டி வீடுகளில் இருந்தார்கள். பெரும்பாலும் வடஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து போன தாழ்த்தப்பட்ட மக்கள். பாறை வெடித்துச் சிதறும், நெஞ்சில் தூசி அடைக்கும்.

1930-ல் ஓர் உத்தரவு வந்தது: தொழிலாளிகள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும். நிர்வாகம் இதைச் சாதாரணப் பதிவு வேலையாக நினைத்திருக்கலாம். தொழிலாளிக்கு அப்படிப் படவில்லை. ஒரு சுரங்கத்தில் சண்டை போட்டு வெளியேறினால், பேரை மாற்றிச் சொல்லி அடுத்த சுரங்கத்தில் சேர்ந்துகொள்ளலாம். பேரை மாற்றலாம், ரேகையை மாற்ற முடியுமா? ஆயிரக்கணக்கானவர்கள் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். வாரக்கணக்கில் வேலை நின்றது. பின்னாளில் அங்கே சங்கங்கள் வந்தன, செங்கொடி வந்தது, 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 6 பேர் செத்தார்கள். ஆனாலும் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது அந்த 1930-ஐத்தான்.

காரணம் என் பாட்டி. அவருடைய அப்பா கோலாரில் சுரங்கம் இறங்கியவர். பண்டிகைக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது ஒரு மூட்டை கேழ்வரகு மாவோடு போவாராம். அவர் சொல்லிச் சொல்லி பாட்டிக்கு ஒட்டிக்கொண்ட பேச்சு: "ரேகை வெச்சா போச்சுடா." எங்கள் வீட்டில் பத்து ரூபாய்க் கைமாற்றுக்குக்கூடச் சீட்டு எழுத விடமாட்டார்.

முதியோர் பென்ஷனுக்கு எழுதிக் கொடுக்க நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் மைப்பெட்டியைத் தள்ளி, "இங்க வைங்க பாட்டி" என்றான். பாட்டி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இதுல என்னப்பா எழுதியிருக்கு? மொதல்ல படி."

பின்னால் வரிசை நின்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. படித்தான், இரண்டு பக்கமும். அப்புறம்தான் பாட்டி விரலை நீட்டினார்.

வணக்கம்.