48 எங்கேடா போச்சு? ஒரு அப்போ பி பிளாட்டின் கதை

வணக்கம் மக்களே. பின்னாடி 'கடக் கடக்'னு ஒரு சத்தம் கேக்கும், கண்டுக்காதீங்க, ராக்கர் ஆடிட்டு இருக்கு. வெஸ்டர்ன் பிளாட் ஓட்டறேன், அதாவது புரோட்டீன்களை ஜெல்ல அளவு வாரியாப் பிரிச்சு, தாள் மாதிரி ஒரு மெம்பரேனுக்கு மாத்தி, வேண்டியதை ஆன்டிபாடியால தேடறது. மெம்பரேனை இப்பத்தான் செகண்டரி ஆன்டிபாடில (முதல் ஆன்டிபாடி ஒட்டின இடத்தைக் காட்டறது) போட்டேன். ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள, மூணு வாரம் என்னை அலையவிட்ட ஒரு பேண்ட் (மெம்பரேன்ல புரோட்டீன் தெரியற கோடு) பத்திச் சொல்லிடறேன்.

புரோட்டீன் பேரு அப்போ பி. "அப்போ ஏ எங்கே?"ன்னு கேப்பீங்க. அதுவும் இருக்கு, ஹெச்டிஎல்ல, 'நல்ல கொலஸ்ட்ரால்'னு சொல்றாங்களே அதுல. நம்ம பி, 'கெட்ட கொலஸ்ட்ரால்'னு சொல்ற எல்டிஎல் துகளைச் சுத்திப் பெல்ட் மாதிரி கட்டிக்கிட்டு இருக்கும். ஒரு துகளுக்கு ஒண்ணே ஒண்ணுதான். இது ஞாபகம் இருக்கட்டும், பின்னாடி தேவைப்படும்.

இதுல ரெண்டு வகை. ஈரல் செய்யறது பி-100, 4536 அமினோ அமிலம், 500 கிலோடால்டனுக்கும் மேல. பிரம்மாண்டம். குடல் செய்யறது பி-48. ரெண்டுக்கும் ஜீன் ஒண்ணுதான்! குடல்ல மட்டும் ஆர்என்ஏல ஒரே ஒரு எழுத்தை மாத்திடுது. சிஏஏ-ங்கிறது யுஏஏ ஆயிடுது, அதாவது 'நிறுத்து'. அதனால 2152-வது அமினோ அமிலத்தோட புரோட்டீன் முடிஞ்சிடும். எனக்கு இன்னிக்கும் இது அலுக்கவே மாட்டேங்குது.

எனக்கு வேண்டியிருந்தது அந்த 48. சாப்பிட்டதுக்கு அப்புறம் எடுத்த ரத்தத்துலேருந்து கைலோமைக்ரானை (குடல்லேருந்து கொழுப்பைச் சுமந்துட்டு வர்ற துகள், 48 இதுலதான் இருக்கும்) பிரிச்சு வெச்சு, பிளாட் ஓட்டினேன். 100 சூப்பரா வந்துச்சு. 48 இருக்க வேண்டிய இடம் வெறிச்சோடிக் கிடந்துச்சு.

ரத்தத்துல 48 எப்பவுமே 100-ஐ விட ரொம்பக் கம்மி. சரி, சாம்பிள் பத்தலைன்னு நெனச்சு அதிகமா லோடு பண்ணேன். இல்ல. ஏற்கெனவே 5 சதவீத ஜெல்தான், அதை கிரேடியன்டா (மேலேருந்து கீழ அடர்த்தி கூடிட்டே போற ஜெல்) மாத்தினேன். இல்ல. ஜெல்லேருந்து மெம்பரேனுக்கு மாத்தற டிரான்ஸ்ஃபர்ல மெத்தனாலைக் குறைச்சு, ராத்திரி முழுக்க குளிர் அறையில மெதுவா ஓடவிட்டேன். இவ்வளவு பெரிய புரோட்டீனுக்கு அது நல்ல வழிதான், 100 இன்னும் பளிச்சுன்னு வந்துச்சு. 48? ம்ஹூம். இதுல யோசிச்சா தெரிஞ்சிருக்கணும் பாருங்க: 500 கிலோடால்டன் இருக்கற 100-ஏ ஜெல்லை விட்டு வெளிய வந்து ஒட்டுது, அதுல பாதி இருக்கற 48 வராம போகுமா?

மூணாவது வாரம்தான் ஆன்டிபாடியோட டேட்டாஷீட்டை முழுசாப் படிச்சேன். மோனோகுளோனல், அதாவது புரோட்டீன்ல ஒரே ஒரு இடத்தை மட்டும் பிடிக்கறது. அது பிடிக்கற இடம், எபிடோப், 3000-த்தைத் தாண்டி. 48 முடியறதோ 2152ல! வாலைப் பிடிக்கற ஆன்டிபாடியை வாங்கிவெச்சுக்கிட்டு, வாலே இல்லாததைத் தேடியிருக்கேன். டப்பாவுல 'அப்போ பி'ன்னு போட்டிருந்தது பொய்யில்ல. நான்தான் எந்தப் பக்கம்னு கேக்கல.

எம்பி47-ன்னு ஒரு பழைய, பேர்போன குளோன் (மோனோகுளோனல் ஆன்டிபாடி) இருக்கு. அது எல்டிஎல் ரிசெப்டார் (செல் மேல இருந்து எல்டிஎல்லை உள்ள இழுக்கறது) பிடிக்கற இடத்துக்குப் பக்கத்துல போய் உக்காரும். அதனால ரிசெப்டாரோட ஒட்டறதைத் தடுக்கற சோதனைக்கு அருமை. 48-க்கு உதவாது. 1டி1-ன்னு இன்னொண்ணு, முன்பக்கத்துல பிடிக்கும். அது ரெண்டையும் காட்டும். இல்லாட்டி ஆட்டுல தயாரிச்ச பாலிகுளோனல் எடுக்கலாம், பல இடத்துல பிடிக்கும். ஆனா செல் கல்ச்சர் பண்றவங்க உஷார். மீடியத்துல கன்னுக்குட்டி சீரம் இருந்தா அதுல மாட்டோட அப்போ பி இருக்கு, அதையும் சேர்த்துப் பிடிச்சிரும். சீரம் இல்லாத மீடியத்துல வெச்சுட்டு அப்புறம் எடுங்க.

எலி ஈரல்ல வேலை செய்யறவங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சனை. மனுஷ ஈரல் 100 மட்டும்தான் செய்யும், எலி ஈரல் 48-ம் செய்யும். கீழ ஒரு பேண்ட் வந்தா உடனே "புரோட்டீன் சிதைஞ்சிடுச்சு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. நிஜமாவே சிதையற புரோட்டீன்தான், புரோட்டியேஸ் (புரோட்டீனை வெட்டற என்சைம்) தடுப்பான் கண்டிப்பாப் போடணும். இருந்தாலும் எல்லாப் பழியையும் அது தலையில போடக்கூடாது.

ஆங், ஒரு துகளுக்கு ஒண்ணுன்னு சொன்னேன்ல. சாண்ட்விச் எலைசா (கீழ ஒட்டியிருக்கற ஒரு ஆன்டிபாடி புரோட்டீனைப் பிடிக்க, மேல இன்னொரு ஆன்டிபாடி வந்து அதைக் காட்டற சோதனை) பண்றீங்கன்னா, கீழயும் மேலயும் ஒரே மோனோகுளோனலைப் போட்டா சிக்னல் வராது. இருக்கற ஒரே எபிடோப்பைக் கீழ இருக்கறது பிடிச்சுடும், மேல வர்றதுக்கு இடம் ஏது? அதனால ரெண்டும் வேற வேற இடத்தைப் பிடிக்கணும். ஒரே குளோனைப் போட்டும் சிக்னல் வந்துச்சுன்னா சந்தேகப்படுங்க. துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகியிருக்கலாம். எல்டிஎல்லை அப்படியே ஃப்ரீஸர்ல வெச்சு எடுத்தீங்களா? அதுதான் வேலையைக் காட்டுது.

இன்னிக்கு ஓடறது முன்பக்க ஆன்டிபாடி. பக்கத்து லேன்ல ஹெப்ஜி2-ங்கிற மனுஷ ஈரல் செல்லோட மீடியம், அதுல 100 மட்டும் வரணும். அங்கயும் 48 வந்துச்சுன்னா மறுபடி மண்டையை உடைச்சுக்கணும்.

இருங்க, டைமர் அடிக்குது. மூணு தடவை கழுவிட்டு, படம் எடுத்துட்டு வரேன்.