புளியங்கொட்டையும் மூடிய குடமும்

வார்டு உறுப்பினர்களே, மகளிர் குழுத் தோழியரே,

கிராம சபை செல்லுமா செல்லாதா என்பதை நம் தமிழ்நாட்டு விதி தலையை எண்ணிச் சொல்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர், 50 பேர். 3,000 வரை 100. 10,000 வரை 200. அதற்கு மேல் 300. ஆனால் அந்த 100 பேரும் ஒரே தெருக்காரர்களாக இருந்தாலும் கோரம் நிறைந்துவிடும். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே முதலில் இடத்தைப் பாருங்கள். மத வளாகத்தில் கூட்டம் கூடாது என்று ஆட்சியர் அறிவிப்பிலேயே இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு: கோயில் வாசலில் கூட்டம் என்றால் காலனிக்காரர் தெரு முனையோடு நின்றுவிடுவார். குக்கிராமம் குக்கிராமமாகச் சுழற்சியில் நடத்துங்கள்.

அடுத்தது பேச்சு. தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் பிறகு வருவதெல்லாம் ஆமாம்தான். பொருளை வாசித்தவுடன் பத்து நிமிடம் ஐந்தாறு பேராகப் பிரிந்து பேசட்டும், பெண்கள் தனியாக. குழுவுக்கு ஒருவர் எழுந்து சொல்லட்டும். தலைவர் கடைசியில் பேசினால் போதும்.

எந்த வேலை முதலில் என்று முடிவெடுக்கக் கை தூக்கச் சொல்லாதீர்கள். கூலி கொடுப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, சாக்கடை, சாலை என நான்கு குடங்களில் படம் ஒட்டி, வாயைத் துணியால் மூடி, கை நுழையத் துளை விட்டு, மறைப்புக்குப் பின்னால் வையுங்கள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. ஒரே குடத்தில் இரண்டுக்கு மேல் போடக்கூடாது. ஒரே கொட்டை கொடுத்தால் பெரிய தெருவே எப்போதும் ஜெயிக்கும். மூன்று கொடுத்தால் எல்லாத் தெருவுக்கும் இரண்டாவதாக வேண்டியது எதுவோ அது மேலே வர வழி உண்டு. கொட்டையை எல்லார் கண் முன்னாலும் எண்ணுங்கள். மறைப்புக்குப் பின்னால் யாரும் பார்ப்பதில்லை என்பதால், விதியை மீறி ஒரு குடத்தில் ஒருவர் மூன்றையும் போட்டுவிடலாம் என்பது இதன் ஓட்டை.

குடம் என்றதும் சோழர் காலத்து உத்திரமேரூரின் குடவோலை நினைவுக்கு வரும். 30 குடும்புகள் (இன்றைய வார்டு போல), ஓலையில் பெயர், எடுப்பது ஒரு சிறுவன். அந்தச் சீட்டு முறையில் குறை சொல்ல முடியாது. ஆனால் நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர் மட்டுமே குடத்துக்குள் போனது. அந்தப் பாதியையும் சேர்த்தே மேடையில் சொல்லுங்கள்.

இனி கையெழுத்து. நுழையும்போது போடுவது வருகைக்கு மட்டும். தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தில் யாரும் போடாதீர்கள். பிறகு அதில் எதையும் நிரப்பலாம். தீர்மானத்தை அங்கேயே எழுதி, உரக்க வாசித்து, மிச்ச வரிகளைக் கோடிட்டு அடித்த பிறகே பேனாவை நீட்டுங்கள். எதிர்த்தவர் எத்தனை பேர், ஏன் என்பதும் அதே பக்கத்தில் ஏறட்டும். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அந்தப் பக்கத்தை எடுங்கள்.