கூடி வரைய ஓர் அறை வேண்டும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, புற்றுநோய்த் துறையின் மூத்த மருத்துவர்களே, இரவுப் பணி முடித்தும் வீட்டுக்குப் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, கேட்டவுடன் அரங்கைத் திறந்துவிட்ட நிர்வாகத்தாரே, எல்லோருக்கும் மேலாக, சிகிச்சைக்கு நடுவே வந்திருக்கும் அன்பர்களே, உடன் வந்த குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். நோயாளிகள் கூடி ஓவியம் வரைவது எதற்கு, எப்படி நடத்துவது, அதற்குத் தனி அறை ஏன் வேண்டும்.

"எனக்குக் கோடுகூடப் போட வராதே" என்றுதான் பலரும் தயங்குவார்கள். சித்திரமும் கைப்பழக்கம்! பழக இடம் கொடுத்தோமா, சொல்லுங்கள்.

ஏட்ரியன் ஹில் என்று ஓர் ஆங்கிலேய ஓவியர். முதல் உலகப் போரில் போர்க்களத்தை வரைந்தவர். 1938இல் அவருக்குக் காசநோய். அன்று காசநோய்க்கு மருந்து ஏது? படுக்கைதான் மருந்து. மனிதர் சும்மா கிடப்பாரா? படுத்தபடியே கைக்கெட்டிய பொருள்களை வரைந்தார். மனம் தெளிந்தது. அடுத்து, போரில் காயப்பட்டு வந்த வீரர்களுக்கும் மற்ற நோயாளிகளுக்கும் அங்கேயே சொல்லிக்கொடுத்தார். 1942இல் இதற்குக் கலைச் சிகிச்சை என்று பெயரிட்டவரும் அவர்தான். நோயாளிதான் தொடங்கினார், ஐயா!

ஓவியம் கட்டியைக் கரைக்காது. கரைக்கும் என்பவரை நம்பாதீர்கள். பதற்றம் தணியலாம், மனச்சோர்வு குறையலாம், மனத்தில் உள்ளதைச் சொல்ல வராதவர்க்குப் பேச்சு வரலாம். அதுவே பெரிது.

ஒரு மேசைக்கு 6 முதல் 8 பேர் போதும். ஒன்றரை மணி நேரம், நடுவில் ஓய்வு. கீமோ மருந்து ஏறிய 7 முதல் 14 நாளில், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது மருத்துவரைக் கேட்டே வரவேண்டும். தூரிகையும் தண்ணீர்க் குவளையும் ஆளுக்கொன்று. பலர் பிசைந்த களிமண், காய்ந்த இலை, பூ வேண்டாம். கிருமியும் பூஞ்சையும் அதில் வரும். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் நெடி குமட்டலைக் கிளப்பும், நீர்வண்ணமே நல்லது.

பாக்ளிடாக்செல், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்து வாங்குபவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போகலாம். மெல்லிய தூரிகை பிடியில் நிற்காமல் நழுவும். "என்னால் முடியாது" என்று எழுந்துவிடுவார்கள். காம்பில் ஸ்பாஞ்சைச் சுற்றி, இரண்டு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டைவிரல் பருமனாக்குங்கள், நிற்கும். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து வாங்குபவருக்குக் குளிர்ந்த நீர் பட்டாலே விரல் சுரீரென்னும்; வெதுவெதுப்பான நீர் வையுங்கள். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்தவரிடம் கத்தரியும் ஊசியும் தராதீர்கள். அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்தவருக்குக் கையை நெடுநேரம் தூக்கிப் பிடித்து வரைவது சிரமம். தாள் மேசையில் படுத்திருக்கட்டும்.

இவ்வளவையும் நடைபாதை ஓரத்தில் மடக்கு மேசை போட்டுச் செய்ய முடியுமா? ஸ்ட்ரெச்சர் வந்தால் எழவேண்டும். கைகழுவக் குழாய் இல்லை. ஈரத்தாளைக் காயவைக்க இடமில்லை. பார்த்துக்கொள்பவர் உட்கார நாற்காலி இல்லை. சித்திரமும் கைப்பழக்கம் என்றால், வாரம் தவறாமல் அதே மேசை காத்திருக்கவேண்டும். ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் ஓர் அறை, கழுவுதொட்டி, பூட்டும் அலமாரி, கைபிடியுள்ள பத்து நாற்காலி. நிர்வாகத்தாரே, புதிய கட்டடத்தின் வரைபடம் கையெழுத்தாகும் முன்பே அந்த அறையை அதில் குறித்துவிடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.